கையடக்க டெஸ்லா காயில்: பிரைமரியைச் செம்புப் பட்டையில் சுற்றலாமா?

டெஸ்லா காயில் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆள் உயரக் கோபுரமும், அதன் உச்சியிலிருந்து கிளைகிளையாகப் பிரியும் ஊதா நிற மின்பொறியும்தான். உள்ளங்கையில் பிடிக்கும் அளவுள்ள குழாய், மூன்று லித்தியம் பேட்டரி, ஒரே ஒரு டிரான்சிஸ்டர் ஆகியவற்றை வைத்தும் அதைச் செய்யலாம். பொறி சில மில்லிமீட்டர்தான் வரும். ஆனால் உள்ளே நடக்கும் இயற்பியல் பெரிய காயிலில் நடப்பதேதான். பக்கத்தில் பிடித்த சிஎஃப்எல் விளக்கு ஒயரே இல்லாமல் எரிவதைப் பார்க்கும்போது, ஏன் எரிகிறது என்றும் தெரிந்திருந்தால் அந்த மகிழ்ச்சி இரண்டு மடங்காகும்.

இந்தக் கருவியில் இரண்டு சுருள்கள் உண்டு. மெல்லிய கம்பியில் நூற்றுக்கணக்கான சுற்றுகளுடன் உயரமாக நிற்பது செகண்டரி. அதன் அடியில் தடித்த கம்பியில் சில சுற்றுகளே இருப்பது பிரைமரி. வழிகாட்டிகள் பெரும்பாலும் செகண்டரியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, பிரைமரியை “நான்கு சுற்று சுற்றுங்கள்” என்ற ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அந்த நான்கு சுற்றுதான் சுவாரசியம். அதை ஏன் வட்டக் கம்பியில்தான் சுற்ற வேண்டும்? அகலமான செம்புப் பட்டையில், டேப் ரோல் போல ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றினால் என்ன ஆகும்? இதற்குப் பதில் தேடினாலே டெஸ்லா காயில் எப்படி வேலை செய்கிறது என்பது பெருமளவு புரிந்துவிடும்.

சுற்று எண்ணிக்கை செய்யாத வேலை

பள்ளியில் டிரான்ஸ்ஃபார்மர் பாடம் படித்தவர்கள் உடனே ஒரு கணக்குப் போடுவார்கள். பிரைமரியில் 4 சுற்று, செகண்டரியில் 430 சுற்று. விகிதம் ஏறக்குறைய 107. 12 வோல்ட் கொடுத்தால் கிட்டத்தட்ட 1,290 வோல்ட் வர வேண்டும்.

இந்தக் கணக்கு இங்கே செல்லாது. சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு சுருள்களும் ஒரே இரும்பு உள்ளகத்தில் இருக்கும். ஒன்றின் காந்தப்புலம் கிட்டத்தட்ட முழுவதுமாக மற்றதன் ஊடே போகும். டெஸ்லா காயிலில் இரும்பு கிடையாது, நடுவில் காற்றுதான். பிரைமரி உண்டாக்கும் காந்தப்புலத்தில் ஒரு பங்குதான் செகண்டரியைத் தொடுகிறது. அந்தப் பங்கைச் சொல்லும் அளவுக்குப் பிணைப்பு என்று பெயர். முழுப் பிணைப்பு என்றால் 1. நாம் செய்யப்போகும் காயிலில் அது 0.2-ஐ ஒட்டித்தான் இருக்கும். இப்படிப்பட்ட தளர்வான பிணைப்பில் வெறும் தூண்டல் மட்டும் வேலை செய்தால், மேல் முனையில் 80 வோல்ட்கூட வராது. காற்றை உடைத்துப் பொறி பறக்க ஒரு மில்லிமீட்டருக்கே சுமார் 3,000 வோல்ட் தேவை.

மீதி வோல்ட்டேஜ் ஒத்ததிர்விலிருந்து வருகிறது. பாதி நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடந்தால் மட்டும் தண்ணீர் தளும்பத் தொடங்கும். அடி ஒவ்வொன்றும் சின்ன அசைவுதான், ஆனால் தண்ணீரின் சொந்தத் தாளத்தோடு சரியாகப் பொருந்துவதால் அலை ஏறிக்கொண்டே போய் விளிம்பைத் தாண்டிவிடும். செகண்டரிக்கும் இப்படி ஒரு சொந்தத் தாளம் உண்டு. பிரைமரி அந்தத் தாளத்திலேயே தட்டிக்கொண்டிருந்தால், செகண்டரியில் மின்னழுத்தம் ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது சிறிதாக ஏறுகிறது. உள்ளே வரும் ஆற்றலும் கம்பியின் வெப்பம், பொறி ஆகியவற்றில் இழக்கும் ஆற்றலும் சமமாகும் இடத்தில் அது நிற்கும்.

அந்தத் தாளத்தின் வேகத்தை நிர்ணயிப்பவை இரண்டு: சுருளின் தூண்டல், அதன் கொண்மம். தூண்டல் என்பது சுருளில் மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம். கொண்மம் என்பது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன். செகண்டரியில் தனியாக மின்தேக்கி எதுவும் பொருத்துவதில்லை. சுருளின் உடம்பும், உச்சியில் வைக்கும் உலோக உருண்டையும், சுற்றியிருக்கும் காற்றுவெளியும் சேர்ந்தே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 25 மி.மீ. விட்டமுள்ள பிவிசி குழாய், 0.2 மி.மீ. எனாமல் கம்பி, 10 செ.மீ. உயரத்துக்கு நெருக்கமாக ஒரே அடுக்கு. சுமார் 430 சுற்று வரும், 34 மீட்டர் கம்பி பிடிக்கும். இதன் தூண்டல் ஏறத்தாழ 1 மில்லிஹென்றி. உச்சியில் 3 செ.மீ. உருண்டை வைத்தால் மொத்தக் கொண்மம் 3 பிக்கோஃபாரட்டுக்குச் சற்று மேல். இரண்டையும் சூத்திரத்தில் போட்டால் அதிர்வெண் 2.7 மெகாஹெர்ட்ஸ் அளவில் வருகிறது. நொடிக்கு 27 லட்சம் முறை. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பட்டையைப் பற்றிப் பேசும்போது இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போகிறது.

தானே தாளம் பிடிக்கும் மின்சுற்று

1891-இல் நிகோலா டெஸ்லா மின்விளக்கு அமைப்பு ஒன்றுக்காகப் பெற்ற காப்புரிமையில் இருந்தது பொறி இடைவெளி வகை. மின்தேக்கி ஒன்று நிரம்பி, சிறு இடைவெளியில் பொறியாகத் தாவி, பிரைமரியில் அதிர்வைத் தொடங்கிவைக்கும். அதில் பிரைமரிக்கும் ஒரு சொந்தத் தாளம் உண்டு. அதையும் செகண்டரியின் தாளத்தையும் ஒன்றாக்கச் சுற்றுகளின் நடுவே இணைப்பை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். கையடக்கக் காயிலுக்கு அது ஒத்துவராது. மின்தேக்கியில் தேங்கும் உயர் மின்னழுத்தம் உயிருக்கே ஆபத்தானது என்பதால் ஆரம்பநிலையில் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நமக்கு ஏற்றது ஸ்லேயர் எக்ஸைட்டர் என்ற எளிய மின்சுற்று. இதில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் போல வேலை செய்வது டிரான்சிஸ்டர். அதற்கு கலெக்டர், எமிட்டர், பேஸ் என்று மூன்று கால்கள். பேட்டரியின் பிளஸ் முனை பிரைமரியின் ஒரு முனைக்கு. பிரைமரியின் மறுமுனை டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு. எமிட்டர் பேட்டரியின் மைனஸுக்கு. பிளஸிலிருந்து 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு ஓர் இணைப்பு. செகண்டரியின் அடி முனையும் அதே பேஸுக்கு. கடைசியாக எமிட்டருக்கும் பேஸுக்கும் நடுவே ஓர் எல்இடி, அதன் பிளஸ் கால் எமிட்டர் பக்கம், மைனஸ் கால் பேஸ் பக்கம். அவ்வளவுதான்.

இது ஓடும் விதம் அழகானது. ரெசிஸ்டர் வழியாக வரும் சிறு மின்னோட்டம் டிரான்சிஸ்டரைத் திறக்கிறது. பிரைமரியில் மின்னோட்டம் ஏறுகிறது. அதனால் செகண்டரியின் உச்சி மின்னழுத்தம் ஒரு பக்கமாக உயர, அதற்கு வேண்டிய மின்னூட்டம் அடி முனையிலிருந்து, அதாவது பேஸிலிருந்து இழுக்கப்படுகிறது. பேஸ் தாழ்ந்ததும் டிரான்சிஸ்டர் மூடிக்கொள்கிறது. செகண்டரி தன் தாளத்தில் மறுபக்கம் ஊசலாடும்போது பேஸ் மறுபடி உயர்ந்து டிரான்சிஸ்டர் திறக்கிறது. எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதைச் செகண்டரியே சொல்லிக்கொடுக்கிறது. நீங்கள் கையை அருகே கொண்டுபோய் அதன் அதிர்வெண் சற்றுக் குறைந்தாலும் மின்சுற்று அதைப் பின்தொடரும்.

இதனால் நமக்குக் கிடைக்கும் பெரிய விடுதலை, பிரைமரியை ‘டியூன்’ செய்ய வேண்டியதில்லை என்பது. அதன் வடிவத்தை மாற்றி மாற்றிப் பார்க்க இதைவிட வசதியான மின்சுற்று இல்லை.

டிரான்சிஸ்டர் தேர்வில் மட்டும் கவனம் வேண்டும். டிஐபி31 நன்றாகச் சூடு தாங்கும், அதனால் பலரும் அதை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அதன் பெருக்கம் 3 மெகாஹெர்ட்ஸ் அளவிலேயே ஒன்றுக்கு இறங்கிவிடும். நம்முடைய 2.7 மெகாஹெர்ட்ஸில் அது தடுமாறும். பிடி139 போன்ற வேகமான வகை, சூட்டை வெளியேற்றும் சிறிய உலோகத் துண்டுடன் (ஹீட் சிங்க்), இந்த அளவுக் காயிலுக்குப் பொருந்தும்.

பட்டை ஏன்?

அதிவேக மாறுமின்னோட்டம் கம்பியின் நடுப்பகுதியைத் தொடுவதில்லை, மேற்பரப்பை ஒட்டியே ஓடும். எவ்வளவு ஆழம் வரை என்பது அதிர்வெண்ணைப் பொறுத்தது. செம்பில் 1 மெகாஹெர்ட்ஸில் சுமார் 0.066 மி.மீ., 2.7 மெகாஹெர்ட்ஸில் சுமார் 0.04 மி.மீ. ஆக, 1 மி.மீ. தடிமனுள்ள கம்பியில் வெளியோட்டில் இருக்கும் 15 விழுக்காடு செம்புதான் வேலை செய்கிறது. மீதி வெறும் எடை.

ஒட்டும் செம்பு டேப்பில் உள்ள தகடு 0.035 மி.மீ. அளவு தடிமன் கொண்டது. 10 மி.மீ. அகல டேப்பில் மொத்தச் செம்பு அந்த 1 மி.மீ. கம்பியில் இருப்பதில் பாதிகூட இல்லை. ஆனால் மின்னோட்டம் உண்மையில் பயன்படுத்தும் செம்பு கம்பியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. தகடு முழுவதும் ‘மேற்பரப்பு’ என்பதே காரணம். மின்னோட்டம் பட்டையின் இரண்டு ஓரங்களில் கூடுதலாகக் குவியும் என்பதால் இந்த மூன்று மடங்கும் அப்படியே கிடைக்காது, ஆனாலும் லாபம்தான்.

சரி, இந்த லாபத்தால் பொறி நீளமாகிவிடுமா? நேர்மையாகச் சொன்னால், இந்தச் சின்னக் காயிலில் பெரிய வித்தியாசம் தெரியாது. 12 வோல்ட்டும் சின்ன டிரான்சிஸ்டரும் இருக்கும் இடத்தில் பிரைமரியின் மின்தடை முதல் இடையூறு அல்ல. கைக்கு அடங்கும் கருவியில் பட்டையின் உண்மையான பலன் அதன் உருவத்தில் இருக்கிறது. நான்கு சுற்றும் ஒன்றின் மேல் ஒன்றாக அமர்வதால் மொத்த உயரமே 10 மி.மீ. அது ஒரு மோதிரம் போல ஒரே துண்டாக நிற்கும், எடை கிடையாது, சுற்று நழுவாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மோதிரத்தைச் செகண்டரியின் மேல் ஏற்றி இறக்கிப் பிணைப்பைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். கம்பிச் சுருளில் இதைச் செய்தால் ஒவ்வொரு தடவையும் வடிவம் குலைந்துவிடும்.

அகலமான ஒற்றைச் சுற்றுப் பட்டை போட்டால் இன்னும் அழகாக இருக்குமே என்று தோன்றும். அங்கேதான் சுற்று எண்ணிக்கை முக்கியமாகிறது. சுருளின் தூண்டல் சுற்று எண்ணிக்கையின் இருமடியைப் பொறுத்தது. 42 மி.மீ. விட்டத்தில் நான்கு சுற்றுப் பட்டைக்குத் தூண்டல் சுமார் 1 மைக்ரோஹென்றி. நம் அதிர்வெண்ணில் அது ஏறத்தாழ 17 ஓம் எதிர்ப்பைக் காட்டும், சின்ன டிரான்சிஸ்டர் தாங்கும். ஒரே சுற்று என்றால் தூண்டல் பதினாறில் ஒரு பங்கு, எதிர்ப்பு வெறும் 1 ஓம் அளவு. டிரான்சிஸ்டர் பொசுங்கிவிடும். ஒற்றைச் சுற்றுப் பிரைமரி வேண்டுமானால் மாஸ்ஃபெட் என்ற வகைப் பெரிய டிரான்சிஸ்டர்களும் அவற்றை இயக்கத் தனி மின்சுற்றும் வேண்டும்.

எதிர்ப்பக்கமும் ஓர் எல்லை உண்டு. பட்டைகள் மெல்லிய காப்புக்கு நடுவே ஒன்றையொன்று பார்த்து நிற்பதால், அடுத்தடுத்த இரண்டு சுற்றுகள் சேர்ந்து ஒரு மின்தேக்கி ஆகின்றன. 0.1 மி.மீ. காப்பு டேப் வைத்தால் ஒரு ஜோடிக்கே சில நூறு பிக்கோஃபாரட். நான்கு சுற்றில் இது தொல்லை தராது, பிரைமரியின் சொந்த ஒத்ததிர்வு 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேயே நிற்கும். சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போனால் அது கீழே இறங்கி, செகண்டரியின் அதிர்வெண்ணுக்கு அருகில் வந்துவிடும். மூன்று முதல் ஐந்து சுற்றுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சுற்றுகளுக்கு நடுவே உள்ள இந்தக் கொண்மத்தை வேண்டுமென்றே கூட்டப் பார்த்தவரும் டெஸ்லாதான். 1894 ஜனவரியில் அவர் பெற்ற மின்காந்தச் சுருள் காப்புரிமையில், இரண்டு கம்பிகளை அருகருகே தட்டையான வட்டமாகச் சுற்றி, ஒன்றின் முடிவை மற்றதன் தொடக்கத்தோடு இணைத்தார். அதனால் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளுக்கு நடுவே மின்னழுத்த வேறுபாடு கூடி, தனி மின்தேக்கி இல்லாமலே சுருள் தன் தூண்டலைச் சமன் செய்துகொள்ளும். அருமையான யோசனை. ஆனால் இந்த வகைச் சுருள் ‘இலவச மின்சாரம்’ தரும் என்று சுற்றிவரும் பேச்சில் துளியும் உண்மை இல்லை. நம் கருவிக்கும் அதனால் தனிப் பயன் எதுவும் இல்லை.

செய்வதற்கு முன்

காயிலின் பொறி அதிர்ச்சி தராது, தோலின் மேலேயே ஓடிவிடும் என்று பலர் சொல்வார்கள். அது தவறு. இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் உடலின் உள்ளேயும் போகும். நரம்புகள் அவ்வளவு வேகமான மாற்றத்துக்கு எதிர்வினை காட்டாததால் ‘ஷாக்’ தெரியாமல் இருக்கிறது. திசு சூடாவது சூடாவதுதான். பொறி தொடும் இடத்தில் சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தீக்காயம் வரும். ஆகவே பொறியை விரலால் தொட வேண்டாம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இருக்கும் இடத்தில் இதை இயக்கவே கூடாது. செல்போன், காது கேட்கும் கருவி, கணினி எல்லாம் எட்டியே இருக்கட்டும். பொறி ஓசோனை உண்டாக்கும், ஜன்னல் திறந்திருக்கட்டும். ரேடியோக்களில் இரைச்சலும் வரும் என்பதால் ஒரு நேரத்தில் சில நொடிகள் மட்டும் ஓட்டுங்கள்.

மின்சாரம் பேட்டரியிலிருந்து மட்டும் வரட்டும், வீட்டு மின்இணைப்போடு எந்தத் தொடர்பும் வேண்டாம். லித்தியம் பேட்டரி குறுக்குச்சுற்றில் தீப்பிடிக்கும். பாதுகாப்புப் பலகை உள்ளதையே வாங்குங்கள், பிளஸ் ஒயரில் 1 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். சுவிட்ச், அழுத்தியிருக்கும் வரை மட்டும் இயங்கும் புஷ் பட்டனாக இருக்க வேண்டும். கருவி கைதவறி விழுந்தால் அந்த நொடியே அணைந்துவிடும்.

சுற்றுவது

செகண்டரியில் பொறுமை ஒன்றுதான் தேவை. குழாயைத் துடைத்து உலர்த்தி, கம்பி ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், இடைவெளி விடாமல் ஒரே அடுக்காகச் சுற்றுங்கள். முடிந்ததும் இரண்டு மூன்று பூச்சு வார்னிஷ். மேல் முனைக் கம்பி நேராக உருண்டைக்குப் போக வேண்டும். அதைக் குழாயின் உள்ளே கீழே இறக்கக் கூடாது, உள்ளேயே பொறி தாவும்.

பிரைமரிக்கு 40 மி.மீ. குழாயில் ஒரு வளையம் வெட்டிக்கொள்ளுங்கள். 10 மி.மீ. செம்பு டேப்பை வெட்டிவிடாமல் ஒரு சுற்று ஒட்டுங்கள். அதன் மேல் டேப்பைவிட அகலமான பாலியெஸ்டர் காப்பு டேப் ஒரு சுற்று. மறுபடி அதே செம்பு டேப்பின் தொடர்ச்சி. இப்படியே நான்கு. காப்பு டேப் இரண்டு ஓரத்திலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால்தான் ஓரங்கள் ஒன்றையொன்று தொடாது. உள்முனையிலும் வெளிமுனையிலும் ஒயர் சாலிடர் செய்து, இரண்டையும் முறுக்கி, குட்டையாக டிரான்சிஸ்டருக்குக் கொண்டுபோங்கள்.

கையடக்கக் காயிலுக்கே உரிய சிக்கல் இனிமேல்தான் வருகிறது. பெரிய காயில்களில் செகண்டரியின் அடியைத் தரையில் புதைத்த கம்பியோடு இணைப்பார்கள். உச்சியிலிருந்து காற்றுவெளி வழியாகப் போகும் மின்னோட்டம் திரும்பி வர ஒரு பாதை வேண்டுமே. கையில் பிடிக்கும் கருவிக்குத் தரை ஏது? அந்த வேலையைப் பிடித்திருக்கும் உங்கள் உடலே செய்ய முடியும். கைப்பிடிக் குழாயின் உள்சுவரில் அலுமினியத் தகடு ஒட்டி, அதை பேட்டரியின் மைனஸோடு இணையுங்கள். வெளியே பிளாஸ்டிக் சுவர், அதற்கு வெளியே உங்கள் கை. தகடும் கையும் நேரடியாகத் தொடாமலே ஒரு மின்தேக்கி ஆகிவிடும், அதன் வழியே மின்னோட்டம் திரும்பும். இதைச் செய்யாவிட்டால் விளக்கு மங்கலாகவே எரியும்.

தகட்டை ஒட்டும்போது அது முழு வட்டமாக மூடிவிடக் கூடாது. நீளவாட்டில் ஒரு கோடு இடைவெளி விடுங்கள். மூடிய உலோக வளையம் என்பது குறுக்குச்சுற்றான ஒரு சுற்றுக்குச் சமம். பிரைமரியின் காந்தப்புலத்தைத் தின்று வெப்பமாக்கிவிடும். பேட்டரியின் எஃகு உறையும் அதே காரியத்தைச் செய்யும். ஆகவே பிரைமரிக்கும் பேட்டரிக்கும் நடுவே குறைந்தது 5 செ.மீ. விடுவது நல்லது. கையடக்கமாகச் செய்யும் ஆசையில் எல்லாவற்றையும் நெருக்கி அடைப்பதுதான் இந்தக் கருவியின் பெரிய எதிரி.

முதலில் 5 வோல்ட்டில் ஓட்டிப் பாருங்கள். சிறிய நியான் பல்பையோ சிஎஃப்எல் விளக்கையோ பிளாஸ்டிக் இடுக்கியில் பிடித்து உச்சிக்கு அருகே கொண்டுபோனால், பொறி வருவதற்கு முன்பே அது ஒளிரும். ஒளிரவில்லையா? பிரைமரியின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஓடாத காயில்களில் பெரும்பாலானவை இந்த ஒரே மாற்றத்தில் ஓடிவிடும், ஏனென்றால் திசை தவறினால் செகண்டரி தவறான நேரத்தில் டிரான்சிஸ்டரைத் திறக்கச் சொல்கிறது.

ஓடத் தொடங்கிய பிறகு 12 வோல்ட்டுக்குப் போய், பட்டை மோதிரத்தை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பட்டனை விட்டுவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். மிகக் கீழே இருந்தால் பிணைப்புப் போதாமல் அதிர்வே தொடங்காது. மிக மேலே போனால் செகண்டரியின் உடம்பிலிருந்து பிரைமரிக்கே பொறி தாவும், எனாமல் கருகும். நடுவே ஓர் இடத்தில் விளக்கு நன்றாக எரியும், டிரான்சிஸ்டரும் அதிகம் சூடாகாது. அங்கே பசை வைத்து நிறுத்துங்கள். அப்புறம் உருண்டையின் மேல் சின்ன ஊசி ஒன்றை நிமிர்த்தி வைத்தால், கூர்முனையில் மின்புலம் குவிந்து பொறி அங்கிருந்தே எளிதாகக் கிளம்பும்.

பட்டைக்கும் கம்பிக்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே அளக்க விரும்பினால், அதே வளைய அளவில் 1 மி.மீ. கம்பியில் நான்கு சுற்று இன்னொரு பிரைமரி செய்யுங்கள். பேட்டரி ஒயரில் மீட்டர் வைத்து இரண்டும் இழுக்கும் மின்னோட்டத்தைக் குறித்துக்கொண்டு, நியான் பல்பு எவ்வளவு தூரம் வரை ஒளிர்கிறது என்பதை அளவுகோலால் அளங்கள். பொறியின் நீளத்தைக் கண்ணால் ஒப்பிடுவதைவிட இது எவ்வளவோ நம்பகமானது. பேட்டரி மட்டும் இரண்டு முறையும் முழுச் சார்ஜில் இருக்கட்டும்.